தம்பி என்றொரு நாய்



சென்ற மாதம் இந்தப் பக்கத்தில் நித்திரையின்மை பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டு முல்லைத்தீவிலிருந்து ஒரு சகோதரி கடிதம் போட்டிருந்தார். "எங்கட நாய் வாசலிலை படுத்திருக்கு எண்டு தெரிஞ்சால்தான் எனக்குக் கண் மூடும். சோறு போடேக்கை அதோடை கதைப்பன். பிள்ளையள் சிரிக்கினம். இது ஒரு வருத்தமோ?" என்று கேட்டிருந்தார்.

அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தேன். ஏனென்றால் இதே கேள்விக்கு நான் ஒருமுறை பிழையான பதில் சொல்லியிருக்கிறேன். அந்தப் பிழையை உங்களுக்கு ஒளிக்காமல் சொல்லிவிட்டால்தான் சரியான பதிலுக்கு வர முடியும்.

நான் வேலை செய்வது ராகலைப் பக்கத்தில். நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை தாண்டி வந்தால் எங்கள் ஊர். தேயிலை மலையும் மரக்கறித் தோட்டமும் பனியும்தான் இங்கே. போர் நடந்த இடம் இதுவல்ல என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 1977 ஆம் ஆண்டும் 1983 ஆம் ஆண்டும் நடந்த வன்செயல்களுக்குப் பயந்து மலையகத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறின. காடு வெட்டி, கிணறு தோண்டி, பயிர் செய்து வாழ்ந்த அந்தக் குடும்பங்களில் பல, பின்பு வன்னிப் போருக்குள்ளும் அகப்பட்டன. 2009 க்குப் பிறகு சிலர் தாய்வழி உறவைத் தேடி மலைக்கே திரும்பி வந்தார்கள். அப்படி வந்தவர்தான் நான் சொல்லப்போகும் அக்கா.

பத்து வயதில் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு வன்னிக்குப் போனவர். அங்கேயே கல்யாணம் கட்டி, ஒரு மகனைப் பெற்றார். கடைசிப் போரில் கணவர் ஷெல் பட்டு இறந்துபோனார். மகனுக்கு அப்போது பதினேழு வயது. அவன் காணாமல் போனான். இறந்தான் என்று சொல்ல ஒருவரும் இல்லை, இருக்கிறான் என்று சொல்லவும் ஒருவரும் இல்லை. செட்டிகுளம் முகாமிலிருந்து வெளியே வந்தவர், 2010 இல் ராகலையில் தமையனின் லயத்து வீட்டின் பின் காம்பராவில் வந்து தங்கினார். மரக்கறித் தோட்டத்தில் நாட்கூலி வேலை. யாரோடும் அதிகம் பேச்சில்லை.

2020 ஆம் ஆண்டு கொரோனா முடக்கக் காலத்தில் ஒரு மழைநாள், தேயிலை ரோட்டோரம் ஒரு காட்போட் பெட்டிக்குள் நான்கு குட்டிகளை யாரோ விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மூன்று செத்துவிட்டன. உயிரோடு இருந்த ஒன்றை அக்கா சேலைத் தலைப்புக்குள் வைத்துக் கொண்டுவந்தார். அதற்குத் 'தம்பி' என்று பெயர் வைத்தார். மகனை அவர் கூப்பிட்ட பெயரும் அதுதான்.

நான் அவரை முதன்முதலில் பார்க்கப் போனபோது அந்த நாய் ஒரு பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு அடுப்படியில் படுத்திருந்தது. அக்கா சோற்றைப் பிசைந்து முதலில் அதற்கு வைத்தார். "தம்பி சாப்பிட்டாத்தான் எனக்கு எறங்கும் மிஸ்" என்றார். "நாய்க்கு இவ்வளவு செல்லம் கொடுக்கிறீங்களே அக்கா" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அது நாயில்ல மிஸ், தம்பி" என்றார்.

சகோதரிகளே, நான் சமூகவியல் படித்தவள். படிப்பு நமக்குக் கண்ணைத் தருகிறது. சில நேரம் அதுவே கண்ணை மறைக்கவும் செய்கிறது. என் குறிப்புப் புத்தகத்தில் "இழப்பை ஏற்கவில்லை. நாயை மகனாக நினைக்கிறார்" என்று எழுதினேன். அடுத்த முறை போனபோது, "நாயை யாருக்காவது கொடுத்துவிட்டு எங்கள் மகளிர் குழுக் கூட்டத்துக்கு வாருங்கள், மனிதரோடு பழகுங்கள்" என்று புத்தி சொன்னேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி தந்து அனுப்பினார். அதற்குப் பிறகு நான்கு மாதம் நான் போகும் நாட்களில் அவர் காம்பராக் கதவு பூட்டியே இருந்தது.

தமையனின் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும், அந்தக் கதவு எனக்காகத்தான் பூட்டப்பட்டது என்று.

பிழை எங்கே என்று பிறகுதான் யோசித்தேன். முதலாவது, நாய்க்குச் செல்லம் கொடுப்பது பற்றி எங்கள் மலையகத்தில் ஒரு பழைய கசப்பு இருக்கிறது. அது எனக்குள்ளும் இருந்தது. சாமுவேல் பேக்கர் என்ற வெள்ளைக்காரர் 1848 இல் நுவரெலியாவுக்கு வந்து குடியேறியவர். மரை வேட்டையாட நாய்க் கூட்டம் வைத்திருந்தார். அவரது வேட்டைப் புத்தகத்தில் ஒவ்வொரு நாய்க்கும் பெயர் இருக்கிறது, வீரம் இருக்கிறது, குணம் இருக்கிறது. சுமை தூக்கிய மனிதர்கள் பெரும்பாலும் கூலிகளாகவே வந்து போகிறார்கள். துரை பங்களாவில் நாய்க்கு இறைச்சி, லயத்தில் பிள்ளைக்கு வெறும் ரொட்டி என்று எங்கள் பாட்டிமார் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அது துரைமீது இருக்க வேண்டிய கோபம். பெட்டிக்குள் நனைந்து கிடந்த குட்டியோ, அதைத் தூக்கி வந்த அக்காவோ அதற்குப் பொறுப்பில்லையே!

இரண்டாவது, நாயின் அறிவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. "வாயில்லாச் சீவனோடு பேசி என்ன பயன்" என்று நினைத்திருந்தேன். பிறகு தேடி வாசித்தேன். வாசித்ததில் சிலவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஜெர்மனியில் ரிக்கோ என்ற நாய்க்கு இருநூறு பொருள்களின் பெயர் தெரிந்திருந்ததை ஆய்வாளர்கள் சோதித்து 2004 இல் வெளியிட்டார்கள். அமெரிக்காவில் ஒரு ஓய்வுபெற்ற பேராசிரியர் வளர்த்த சேசர் என்ற பெட்டை நாய் ஆயிரத்துக்கு மேற்பட்ட விளையாட்டுப் பொருள்களைப் பெயர் சொன்னதும் எடுத்து வந்தது. எல்லா நாயும் அப்படியல்ல. இவை இரண்டும் செம்மறி மேய்க்கும் இனத்து நாய்கள், நாள்தோறும் பயிற்சி பெற்றவை. ஆனால் சாதாரண வீட்டு நாய்க்கும் ஒரு திறமை இருக்கிறது. நாம் கையை நீட்டி ஓரிடத்தைக் காட்டினால் அது நம் விரலைப் பார்த்துக்கொண்டு நிற்காது, நாம் காட்டிய இடத்தைப் பார்க்கும். மனிதக் குரங்குகள்கூட இதை அவ்வளவு சுலபமாக விளங்கிக்கொள்வதில்லை. பல்லாயிரம் வருடம் மனிதரோடு வாழ்ந்து மனிதரைப் படிக்கக் கற்ற மிருகம் அது.

ஹங்கேரி நாட்டில் நாய்களை அசையாமல் படுக்கப் பழக்கி, மூளையைப் படம் பிடிக்கும் இயந்திரத்துக்குள் வைத்துச் சோதித்தார்கள். 2016 இல் வெளியான அந்த ஆய்வில் என்ன தெரிந்தது? நல்ல சொல்லை வெறும் குரலில் சொன்னாலும், அர்த்தமில்லாத சொல்லைக் கொஞ்சும் குரலில் சொன்னாலும் நாயின் மூளையில் மகிழ்ச்சிக்குரிய பகுதி அவ்வளவாக அசையவில்லை. நல்ல சொல்லும் நல்ல குரலும் ஒன்றாகச் சேர்ந்தபோதுதான் அது மகிழ்ந்தது. வீட்டில் நமக்கும் அப்படித்தானே?

ஜப்பானில் 2015 இல் வெளியான இன்னொரு ஆய்வு தாய்மாருக்கு உடனே விளங்கும். நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டிருக்கும்போது இருவர் உடலிலும் ஒட்சிரோசின் என்ற சுரப்பு கூடுகிறது. தாய் பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது சுரக்கிறதே, அதே சுரப்புத்தான். அக்கா "தம்பி" என்று கூப்பிட்டு அதன் முகத்தைப் பார்த்தபோது அவர் உடம்பில் என்ன நடந்திருக்கும் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அது பைத்தியமல்ல. பல வருடம் மூடிக்கிடந்த ஒரு ஊற்று.

ஆனால் சகோதரிகளே, கதை இதோடு முடிந்திருந்தால் "நாயைப் பிள்ளைபோல வளர்ப்போம்" என்று எழுதிவிட்டு நான் பேனாவை மூடியிருப்பேன். நடந்தது வேறு.

ஒருநாள் பீலியடியில், பக்கத்து லயத்து ஆறு வயதுப் பிள்ளை தம்பியின் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்திருக்கிறது. நாய் அப்போது ஒரு எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தது. திரும்பிப் பிள்ளையின் கையைக் கவ்விவிட்டது. ஆழமான காயம். பிள்ளையின் தாய் கொழுந்துக் கூடையோடு மலையிலிருந்து ஓடிவந்தார். "நாய்க்கு ஊசி போட்டிருக்கா?" என்று எல்லாரும் கேட்டார்கள். போடவில்லை. அக்காவின் பதில் என்ன தெரியுமா? "எம்புள்ளைக்கு எதுக்கு விசர் ஊசி?"

இங்கேதான் அன்பு தவறிப்போகிறது. மனிதனாக நினைத்து ஸ்வெட்டர் போட்டார், முதற்சோறு வைத்தார். ஆனால் நாய் என்பதால் அதற்குக் கட்டாயம் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டார். சாப்பிடும்போது தொட்டால் கடிக்கும் என்பது நாயின் இயல்பு. அந்த இயல்பை மறந்தால் ஆபத்து பிள்ளைக்கும்தான், நாய்க்கும்தான்.

லயத்து ஆண்கள் பொல்லோடு வந்துவிட்டார்கள். அக்கா நாயைக் காம்பராவுக்குள் விட்டுக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டார். தமையன் எனக்குப் போன் எடுத்தார். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் நடுங்கிக்கொண்டிருந்தார். "இன்னொரு தடவை என்னால முடியாது தங்கச்சி" என்றார். அன்றுதான் முதன்முதலாக என்னை மிஸ் என்று கூப்பிடாமல் தங்கச்சி என்றார்.

நல்லவேளை, பிள்ளையின் பாட்டிக்குச் செய்ய வேண்டியது தெரிந்திருந்தது. காயத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் பீலித் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவியிருந்தார். உடனே பிள்ளையை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி போடத் தொடங்கினார்கள். நாயைக் கொல்லக் கூடாது, இரண்டு வாரம் கட்டி வைத்துக் கவனிக்க வேண்டும் என்று அங்கே சொல்லி அனுப்பினார்கள். நாயைக் கொன்றுவிட்டால் அதற்கு விசர் இருந்ததா இல்லையா என்பதைக் கவனித்து அறிய வழியில்லாமல் போய்விடும். இதைப் பிள்ளையின் தாயே வந்து ஆண்களிடம் சொன்னபோதுதான் பொல்லுகள் கீழே இறங்கின.

அந்தப் பதினான்கு நாட்களும் தம்பி பழைய மாட்டுப்பட்டியில் கட்டப்பட்டிருந்தது. அக்கா காலையும் மாலையும் அங்கே போவார். பிறகு பிள்ளையின் வீட்டுக்குப் போவார். வாசலில் நிற்பார், "புள்ளைக்கு எப்புடி?" என்று கேட்பார், திரும்பிவிடுவார். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ பிள்ளையின் தாய் "உள்ள வந்து ஒக்காருங்கக்கா" என்றார். அன்றைக்கு அக்கா தன் மகனைப் பற்றி அந்தப் பெண்ணிடம் சொன்னார். அவன் எப்படிச் சிரிப்பான், என்ன சாப்பிடுவான், கடைசியாக எந்த நிறச் சட்டை போட்டிருந்தான் என்றெல்லாம். ராகலைக்கு வந்து இத்தனை வருடத்தில் அக்கம்பக்கத்தில் ஒருவருக்கும் தெரியாத கதை அது. நாயைக் கொடுத்துவிட்டு மனிதரோடு பழகச் சொன்னேன் நான். அவர் நாயின் வழியாகத்தான் மனிதரிடம் போனார்.

பிறகு ஒருநாள் அவரிடம் கேட்டேன், "மகன் பெயரை நாய்க்கு வைத்தது ஏன் அக்கா?" அவர் அமைதியாகச் சொன்னார்: "கூப்பிடாம இருந்தா வாய்க்கு அந்தப் பேரு மறந்துரும் தங்கச்சி. அவன் வந்தா பேரைத் திருப்பிக் குடுத்துருவேன்."

என் குறிப்புப் புத்தகத்தில் நான் எழுதியிருந்த வரியை அன்றிரவு அடித்துவிட்டேன். நாயை மகனாக அவர் ஒருபோதும் குழப்பிக்கொள்ளவில்லை. குழம்பியிருந்தது நான்.

இன்னுமொன்று சொல்ல வேண்டும். தம்பி பிள்ளையைக் கடித்தபின் தலையைத் தாழ்த்தி, காதை மடக்கி, வாலைக் கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு நின்றதாம். "பாத்தீங்களா, செஞ்ச குத்தம் அதுக்கே தெரியுது" என்று எல்லாரும் சொன்னார்கள். அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009 இல் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார். தின்னக்கூடாது என்று சொல்லி வைத்த பண்டத்தைச் சில நாய்கள் தின்றன, சில தின்னவில்லை. தின்னாத நாயையும் "நீ தின்றுவிட்டாய்" என்று நினைத்து எசமான் ஏசினால், அது அதே குற்றவாளி முகத்தைக் காட்டியது. அந்த முகம் செய்த குற்றத்தால் வருவதல்ல, ஏச்சுக்கு வருவது.

இதை வாசித்தபோது எனக்கு நாய் ஞாபகத்துக்கு வரவில்லை. சோதனைச் சாவடியில், கந்தோர் மேசைக்கு முன்னால், குடித்துவிட்டு வரும் புருசனின் முன்னால், ஒரு குற்றமும் செய்யாமல் தலையைக் குனிந்து நின்ற எத்தனை பெண்களின் முகம் ஞாபகத்துக்கு வந்தது! "பார், பேசாமல் நிற்கிறாள், பிழை அவளில்தான்" என்று சொன்னவர்களும் ஞாபகத்துக்கு வந்தார்கள். தலை குனிவது குற்றத்தின் அடையாளமல்ல, பயத்தின் அடையாளம். நாயிடம் இதை விளங்கிக்கொள்பவர் மனிதரிடமும் விளங்கிக்கொள்வார். நாயை உதைக்கிற கால் வீட்டுப் பெண்ணையும் உதைப்பதை எங்கள் வேலையில் நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம்.

ஆகவே நாய் வளர்க்கும் சகோதரிகள் சில விடயங்களை மறக்க வேண்டாம். விசர்நாய்க்கடியால் இலங்கையில் 1973 ஆம் ஆண்டு 377 பேர் இறந்தார்கள். அண்மைய ஆண்டுகளில் அது ஆண்டுக்கு இருபது முப்பது என்ற அளவுக்குக் குறைந்திருக்கிறது. குறைத்தது தடுப்பூசிதான். நோய்க்குறி தெரியத் தொடங்கிவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. ஆகையால் நாய்க்குக் குட்டியிலிருந்தே ஊசி தொடங்கி ஆண்டுதோறும் போடுங்கள். அரசாங்கம் இதை இலவசமாகவே செய்கிறது. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் திகதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஊசி அட்டையைப் பிள்ளைகளின் கிளினிக் அட்டையோடு சேர்த்து வையுங்கள். சொந்த நாய் கடித்தாலும், குட்டி கீறினாலும், சவர்க்காரமும் ஓடும் தண்ணீருமாகக் கால் மணி நேரம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் பூச வேண்டாம்.

சாப்பிடும் நாயையும் குட்டி போட்ட நாயையும் தொடக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். பாசத்தில் சொக்லேட், வெங்காயக் கறி, முந்திரிகை கொடுக்காதீர்கள், அவை நாய்க்கு நஞ்சு. பெட்டைக் குட்டியை ரோட்டில் கொண்டுபோய் விடுவதைவிடக் கருத்தடை செய்விப்பது எவ்வளவோ மேல். பெட்டை என்பதற்காக வீசப்படுவது என்னவென்று நமக்குத் தெரியாதா?

வடக்கிலே உள்ள சகோதரிகளுக்கு இன்னொரு நாயையும் தெரிந்திருக்கும். கண்ணிவெடி அகற்றும் பணியில் நாய்களும் வேலை செய்தன. வெடிமருந்தின் மணம் பட்டதும் அந்த நாய் குரைக்காது, கிளறாது, அமைதியாக உட்கார்ந்துவிடும். அதே பணியில் கணவனை இழந்த எத்தனையோ பெண்கள் வெயிலில் முழந்தாளிட்டு மண்ணை அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்த்திருக்கிறார்கள், இன்றும் பார்க்கிறார்கள். உங்கள் பிள்ளைகள் இன்று பள்ளிக்கூடம் போகும் பாதையில் அந்தப் பெண்களின் உழைப்போடு அந்த மூக்கின் உழைப்பும் இருக்கிறது.

முல்லைத்தீவுச் சகோதரிக்கு என் பதில் இதுதான். இது வருத்தமல்ல அக்கா. நாய் வாசலில் இருப்பதால் நித்திரை வருகிறதென்றால் நிம்மதியாகத் தூங்குங்கள். பிள்ளைகள் சிரித்தால் நீங்களும் சேர்ந்து சிரியுங்கள். அதற்கு ஊசி போட்டாயிற்றா என்று மட்டும் பாருங்கள். அதோடு சொல்வதில் ஒரு பாதியை, மாதத்தில் ஒருநாளாவது, மனிதர் ஒருவரிடமும் சொல்லுங்கள்.

எங்கள் அக்கா மகளிர் குழுவுக்கு எல்லா மாதமும் வருவதில்லை. வரும் மாதங்களில் தம்பியும் கூடவே வந்து வாசலில் படுத்துக்கொள்ளும். கழுத்தில் பட்டியும், ஊசி அட்டையும் உண்டு, ஸ்வெட்டர் இல்லை. போன மாதம் குழுவுக்குப் புதிதாக வந்த ஒருவர், "யாரு அக்கா இந்தத் தம்பி, ஒங்க மகனா?" என்று அறியாமல் கேட்டுவிட்டார். நாங்கள் எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டோம்.

அக்கா சொன்னார்: "மகன் வேற. இது நாய்த் தம்பி."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

அடுத்த மாதம் சந்திப்போம். உங்கள் கடிதங்களை வழமைபோல எழுதுங்கள்.